ஒரு முற்றம், பல கதவுகள்

"முதியோர் இல்லம்" என்ற சொல் நம் வீடுகளில் ஒரு வசைச்சொல்லைப் போலவே புழங்குகிறது. மனத்தாங்கல் வந்தால் "என்னைக் கொண்டுபோய் முதியோர் இல்லத்தில் விடப்போகிறீர்கள்தானே" என்று மூத்தவர்கள் கேட்பார்கள். "அப்படியொரு பாவத்தை நாங்கள் செய்வோமா" என்று பிள்ளைகள் பதறுவார்கள். பேச்சு அதோடு முடிந்துவிடும். பிறகு பிள்ளைகள் கொழும்புக்கோ கனடாவுக்கோ போய்விடுவார்கள். மூத்தவர் ஐந்து அறை வீட்டில் தனியே இருப்பார். இல்லத்துக்கு அனுப்பவில்லை என்ற நிம்மதி மட்டும் எல்லோருக்கும் இருக்கும்.

அந்த வீட்டில் அவர் எப்படி இருக்கிறார் என்பதைத்தான் இக்கட்டுரை கேட்கிறது. பிள்ளையோடு இருப்பது, முதியோர் இல்லத்தில் இருப்பது, தனியே இருப்பது என்ற மூன்று வழிகளையே நாம் அறிவோம். நான்காவது வழி ஒன்றும் உண்டு. தனித்து வாழும் முதியவர்கள் ஐந்தாறு பேர் தம் சொந்த ஊரிலேயே ஒரே வளவில் சேர்ந்து வாழலாம். ஆளுக்கொரு அறையும் தனிக் கதவும் இருக்கும். சமையலறையும் கிணறும் முற்றமும் பொதுவாக இருக்கும். இந்த வழியைத் தொடங்குவதற்கு ஏற்ற ஊர் வல்வெட்டித்துறை என்பது என் எண்ணம்.

வல்வெட்டித்துறை கப்பலோட்டிகளின் ஊர். அங்கே கட்டப்பட்ட அன்னபூரணி என்ற பாய்க்கப்பல் 1938ஆம் ஆண்டில் அமெரிக்காவின் குளஸ்டர் துறைமுகத்தைச் சென்றடைந்தது. பர்மாவுக்கும் இந்தியக் கரைகளுக்கும் போன ஆண்கள் திரும்பி வர மாதக்கணக்காகும். அதுவரை வீட்டையும் பிள்ளைகளையும் கடன்களையும் பெண்களே பார்த்துக்கொண்டார்கள். காத்திருப்பது அந்த ஊர்ப் பெண்களுக்குப் புதிதில்லை. ஆனால் அன்று அவர்கள் காத்திருந்த ஒழுங்கை நிறைய ஆட்கள் இருந்தார்கள். ஒரு வேலிக்கு அப்பால் மச்சாள், இன்னொரு வேலிக்கு அப்பால் பெரியம்மா. போய்வர வேலியிலே ஒரு பொட்டு வைத்திருப்பார்கள். நெருப்புக்கும் உப்புக்கும் அந்தப் பொட்டால்தான் போய்வந்தார்கள். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் அதே பொட்டால் நான்கு பெண்கள் வந்துவிடுவார்கள்.

போர் அந்த ஒழுங்கைகளை வெறுமையாக்கியது. 1980களிலிருந்து குடும்பம் குடும்பமாக மக்கள் லண்டனுக்கும் கனடாவுக்கும் ஐரோப்பாவுக்கும் போனார்கள். பிள்ளைகள் அனுப்பிய காசில் வேலி இருந்த இடத்தில் மதில் எழுந்தது. மதிலிலே பொட்டு வைக்க முடியாது.

இன்னொரு விடயமும் இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் வீடு பெரும்பாலும் மகளுக்குச் சீதனமாகப் போகும். நம் சமூகத்திலும் மகளுக்கு வீடு கொடுக்கும் வழக்கம் உண்டு. ஆகவே தாய் வாழும் வீட்டின் உறுதி மகளின் பெயரில் இருக்கும். மகள் ரொறன்ரோவில் இருப்பாள். "வீட்டைப் பார்த்துக்கொள்ளுங்கோ அம்மா" என்று மகள் சொல்லும் வார்த்தையில் அன்பு இல்லாமல் இல்லை. ஆனாலும் தான் கட்டிய வீட்டுக்குத் தானே காவற்காரியாகிவிடுகிறார் அந்தத் தாய். வீட்டை விட்டு இரண்டு நாள் எங்கும் போக முடியாது. போனால் கள்ளர் பயம்.

என் வாப்பா புடவை வியாபாரி. வாரத்தில் இரண்டு நாள் மோட்டார் சைக்கிளில் துணிமூட்டையைக் கட்டிக்கொண்டு வடமராட்சிப் பக்கம் போய்வருவார். வல்வெட்டித்துறையில் அவருக்கு வழமையான வீடுகள் சில உண்டு. பாதி வீடுகளில் ஒரேயொரு அம்மாதான் இருப்பார். ஒரு துவாய் வாங்க முக்கால் மணி நேரம் பேசுவாராம். பேச்சின் நடுவே "தம்பி, இந்த காஸ் சிலிண்டரை ஒருக்கா மாத்தி விடுங்கோ" என்பார். இன்னொருவர் தொலைபேசியைக் கொடுத்து வங்கியிலிருந்து வந்த செய்தியை வாசிக்கச் சொல்வார். "அவவுக்குத் துவாய் தேவையில்லை மகள். கேற்றடிக்கு ஒரு ஆள் வரவேணும்" என்று வாப்பா ஒருநாள் சொன்னார்.

அந்த வீடுகளில் யார் சுகமாக இருக்கிறார் என்பதை முற்றத்தைப் பார்த்தே அவர் அறிந்துகொள்வாராம். காலையில் கூட்டிய விளக்குமாற்றின் கோடு மண்ணில் இருந்தால் அம்மா எழும்பி நடமாடுகிறார் என்று அர்த்தம். சென்ற ஆண்டு ஒருநாள் பதினொரு மணியாகியும் ஒரு முற்றம் கூட்டப்படாமல் கிடந்தது. கூப்பிட்டும் குரல் இல்லை. வாப்பா ஒழுங்கை முனையிலிருந்த கடைக்காரரை அழைத்துக்கொண்டு பின்பக்கத்தால் போய்ப் பார்த்தார். முதல்நாள் மாலை கிணற்றடியில் வழுக்கி விழுந்தவர் எழும்ப முடியாமல் அங்கேயே கிடந்திருக்கிறார். இடுப்பெலும்பு முறிந்திருந்தது. கடல்கடந்து மகள் இரவு முழுவதும் எடுத்த அழைப்புகள் மேசையிலிருந்த தொலைபேசியில் பதிந்திருந்தன. மகள் மறக்கவில்லை, பணமும் மாதம் தவறாமல் வந்தது. அந்த இரவில் அவருக்குத் தேவைப்பட்டது சத்தம் கேட்கும் தூரத்தில் ஓர் ஆள்.

இது ஓர் ஊரின் கதையாக நின்றுவிடப் போவதில்லை. 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி இலங்கையில் 65 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள் 7.9 சதவீதம். 2024ஆம் ஆண்டு மதிப்பீட்டில் அது 12.6 சதவீதமாகிவிட்டது. பெண்கள் ஆண்களைவிடக் கூடுதலான காலம் வாழ்கிறார்கள். பெரும்பாலும் தம்மைவிட மூத்த ஆணையே மணக்கிறார்கள். ஆகவே முதுமையில் தனித்திருப்பது பெரும்பாலும் பெண்ணின் நிலைமை. இந்தச் சஞ்சிகையை வாசிக்கும் மாணவிகளுக்கு இது பிறருடைய பிரச்சினை போலத் தோன்றலாம். கணக்கைப் பார்த்தால் நம்மில் பலருக்கும் இது காத்திருக்கிறது.

சட்டம் என்ன செய்கிறது? 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், பிள்ளைகள் பெற்றோரைக் கைவிடக் கூடாது என்கிறது. தம்மைப் பராமரிக்க முடியாத பெற்றோர் பிள்ளைகளிடம் பராமரிப்புக் கேட்டு முறையிடவும் அது வழி வைத்திருக்கிறது. நல்ல சட்டம்தான். ஆனால் விழுந்து கிடந்த அந்த அம்மா எதைக் கேட்டு முறையிடுவார்? பணம் வருகிறது, வீடு இருக்கிறது, அன்பும் இருக்கிறது. சட்டத்தின் கண்ணுக்கு அங்கே ஒரு குறையும் தெரியாது.

கைதடியில் அரச முதியோர் இல்லம் இருக்கிறது. ஆதரவற்றவர்களுக்கு அது பெரிய உதவி. அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் வல்வெட்டித்துறையில் வீடும் வளவும் உள்ள ஒருவர் அங்கே போக விரும்பமாட்டார். போனால் முத்துமாரியம்மன் கோவில் மணியோசை காதில் விழாது. கடற்காற்று இல்லை. "அவவின்ர பிள்ளையள் விட்டிட்டினம்" என்ற ஊர்ப்பேச்சு வேறு. தன் பிள்ளைகளின் பெயரைக் காப்பாற்றுவதற்காகவே பலர் தனிமையைத் தேர்ந்துகொள்கிறார்கள்.

இங்கேதான் நான்காவது வழியின் தேவை தெரிகிறது. வல்வெட்டித்துறையார் பலர் குடியேறிய அதே லண்டனில், ஹை பார்னெற் என்ற பகுதியில், "நியூ கிரவுண்ட்" என்றொரு குடியிருப்பு இருக்கிறது. ஐம்பது வயதைக் கடந்த பெண்கள் தமக்காகத் தாமே திட்டமிட்ட இடம் அது. 25 வீடுகள். ஒவ்வொன்றுக்கும் தனிக் கதவு, தனிச் சமையலறை. அதோடு எல்லோருக்கும் பொதுவான ஒரு கூடமும் தோட்டமும் உண்டு. 1998ஆம் ஆண்டில் சில பெண்கள் பேசத் தொடங்கினார்கள், 2016இல்தான் குடிபுகுந்தார்கள். காணி தேடியும் அதிகாரிகளுக்கு விளங்கப்படுத்தியும் 18 ஆண்டுகள் போயின. நிர்வாகம் அவர்களின் கையிலேயே இருக்கிறது. ஒருவருக்கொருவர் தாதியாக இருப்பதாக அவர்கள் வாக்குக் கொடுக்கவில்லை. நல்ல அயலாராக இருப்பதாகவே உடன்பட்டிருக்கிறார்கள்.

நெதர்லாந்தின் டெவென்ரர் நகரில் வேறொரு முறை. அங்கே ஹியூமானிற்றாஸ் என்ற முதியோர் இல்லத்தில் பல்கலைக்கழக மாணவர்கள் சிலருக்கு வாடகையில்லாமல் அறை கொடுக்கிறார்கள். பதிலுக்கு மாதம் 30 மணி நேரம் அவர்கள் நல்ல அயலாராக நடந்துகொள்ள வேண்டும். சேர்ந்து சாப்பிடலாம், கணினி பழக்கலாம், சும்மா இருந்து கதைக்கலாம்.

"இதெல்லாம் வெள்ளைக்காரர் பழக்கம்" என்று சிலர் சொல்லக்கூடும். அவர்கள் நம் வரலாற்றைப் பார்க்கட்டும். கெய்ரோ நகரில் கி.பி. 1285ஆம் ஆண்டளவில் சுல்தான் பைபர்ஸின் மகள், ஸைனப் அல் பக்தாதிய்யா என்ற கல்விமானுக்காக ஒரு ரிபாத் கட்டிக்கொடுத்தார். ரிபாத் என்பது வணக்கத்துக்கும் கல்விக்குமாகச் சேர்ந்து வாழும் இல்லம். கணவனை இழந்தோரும் மணவிலக்குப் பெற்றோரும் கௌரவத்தோடு அங்கே தங்கினார்கள். பெண் கட்டி, பெண் வழிநடத்தி, பெண்கள் வாழ்ந்த வீடு அது. ஏழு நூற்றாண்டுகளுக்கு முன்னே முஸ்லிம் பெண்கள் செய்த காரியத்தை இன்று புதுமை என்று நாம் பயப்படத் தேவையில்லை.

வல்வெட்டித்துறையாருக்கும் இது அந்நியமில்லை. பக்கத்திலே தொண்டைமானாற்றில் செல்வச்சந்நிதி முருகன் கோவில் இருக்கிறது. அன்னதானக் கந்தன் என்றே அதை அழைப்பார்கள். சுற்றியுள்ள மடங்களில் யார் எவர் என்று கேளாமல் ஒரே பந்தியில் சோறு போடுகிறார்கள். பொதுச் சமையலையும் பொதுத் திண்ணையையும் அறிந்த மண் அது. அந்த மடத்தின் குணத்தை ஒரு வீட்டுக்குள் கொண்டுவருவதுதான் வேலை.

எப்படித் தொடங்கலாம்? புதுக் கட்டடம் எதுவும் வேண்டாம். பூட்டிக் கிடக்கும் வீடுகள் ஊரில் இருக்கின்றன. கோவிலுக்கும் வைத்தியசாலைக்கும் கிட்டிய ஒரு வீட்டை எடுப்போம். உரிமையாளர் வெளிநாட்டில் இருப்பார். "குடியிருத்தினால் பிறகு எழுப்ப முடியாது" என்பது அவருடைய பயம். நியாயமான பயம்தான். நொத்தாரிசு முன்னிலையில் பத்து வருடக் குத்தகை எழுதலாம். குத்தகைக்காரர் தனி ஆளாக இல்லாமல் ஊர்ச் சங்கமாக இருந்தால் அந்தப் பயம் பாதி குறையும். நகரசபையும் கிராம அலுவலர் பிரிவிலுள்ள முதியோர் சங்கமும் சாட்சியாக நிற்கலாம். உரிமையாளருக்கும் இலாபம் உண்டு. ஆள் இருக்கும் வீட்டைக் கறையான் அரிப்பதில்லை.

வீட்டில் சில மாற்றங்கள் வேண்டும். படிகளுக்குப் பதில் சரிவு. மலசலகூடத்தில் பிடித்து எழும்பக் கம்பி. கிணற்றடியில் வழுக்காத நிலம், வாளிக்குப் பதில் குழாய். ஆளுக்கொரு அறை, உள்ளிருந்தும் வெளியிருந்தும் பூட்டக்கூடிய கதவு. மதியச் சாப்பாடு சமைக்கச் சம்பளத்துக்கு ஒருவர். செலவை எல்லோரும் பங்கிட்டுக்கொள்ளலாம். பிள்ளைகள் இப்போது அனுப்பும் பணமே அதற்குப் போதுமானதாகும். மருத்துவருக்குப் போகும் முச்சக்கரவண்டிக்கும் ஆறு பேர் ஆறு தடவை கூலி கொடுக்க வேண்டியதில்லை. வேறு மாவட்டங்களிலிருந்து வடமராட்சிக்கு நியமனம் பெற்று வரும் ஆசிரியைகளும் தாதியரும் தங்க இடம் தேடி அலைகிறார்கள். இரண்டு அறைகளை அவர்களுக்குக் குறைந்த வாடகைக்குக் கொடுத்தால் டெவென்ரரில் நடப்பது இங்கேயும் நடக்கும்.

ஒரேயொரு விதி கட்டாயம் வேண்டும். காலை ஏழு மணிக்கு எல்லோரும் பொதுக் கூடத்தில் தேநீர் குடிக்க வேண்டும். வராதவரின் கதவைத் தட்டிப் பார்க்க வேண்டும். மற்ற விதிகளை அங்கே வாழ்பவர்களே எழுதட்டும்.

இதில் பெரிய வசதி, ஊரை விட்டுப் போகத் தேவையில்லை என்பதுதான். தன் வீடு அடுத்த ஒழுங்கையில் இருக்கும். பகலில் போய்த் திறந்து, கூட்டி, விளக்கேற்றி, மாமரத்துக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு வரலாம். பிள்ளைகள் விடுமுறைக்கு வந்தால் அங்கே போய் அவர்களோடு இருக்கலாம். வீட்டை இழக்காமலே தனிமையை விடலாம்.

மறுப்புகள் வரும். முதலாவது மார்க்கத்தின் பெயரால் வரும்: பெற்றோரைப் பார்ப்பது பிள்ளையின் கடமையல்லவா? ஆம், கடமைதான். அல்குர்ஆனின் 17ஆவது அத்தியாயம் 23ஆவது வசனம் பெற்றோருக்கு நன்மை செய்யும்படி கட்டளையிடுகிறது. வெறுப்பைக் காட்டும் சிறு சொல்லைக்கூடத் தடுக்கிறது. அங்கே பேசப்படுவது பிள்ளையின் அருகிலே முதுமை அடையும் பெற்றோரைப் பற்றி. அருகில் வைத்துப் பார்க்க முடிந்தவர்கள் பார்க்கட்டும். அதைவிட மேலானது வேறில்லை. ஆனால் கடலுக்கு அப்பாலிருக்கும் பிள்ளை மாதப் பணத்தோடு அந்த வசனத்தை நிறைவேற்றிவிட்டதாக நினைக்கலாமா? அயலாரின் உரிமை பற்றி ஜிப்ரீல் (அலை) தொடர்ந்து வலியுறுத்தியதால், அயலாரும் சொத்தில் வாரிசாக்கப்படுவாரோ என்று நபி (ஸல்) அவர்கள் எண்ணும் அளவுக்கு நம் மார்க்கம் அயலுக்கு இடம் கொடுத்திருக்கிறது. தாய்க்கு நல்ல அயலைத் தேடிக் கொடுப்பதும் பிள்ளையின் கடமையில் ஒரு பகுதிதான்.

இரண்டாவது மறுப்பை யாரும் வெளியே சொல்லமாட்டார்கள்: யார் கையால் சமைத்தது, யார் எந்தக் குவளையில் குடித்தது என்ற சாதிக் கேள்வி. இது இல்லையென்று நடித்தால் அந்த வீடு ஆறு மாதத்தில் உடைந்துவிடும். ஒரே கிணறு, ஒரே அடுப்பு என்பதை ஒப்புக்கொள்பவர்களை வைத்தே முதல் வீட்டைத் தொடங்க வேண்டும். சந்நிதிப் பந்தியில் இருக்க முடிந்தவர்களுக்கு இங்கேயும் இருக்க முடியும்.

மூன்றாவது, சண்டை வரும் என்பது. வரும்தான். சீனி குறைந்ததற்கும் தொலைக்காட்சிச் சத்தத்துக்கும் சண்டை வரும். சண்டை பிடிப்பதற்கும் ஓர் ஆள் இருப்பது வெறும் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பதைவிட நல்லது. தனிக் கதவு இருப்பதும் அதற்காகத்தான். மனம் கசந்தால் சாத்திக்கொள்ளலாம்.

நான்காவது, பணம். பாக்குநீரிணையை நீந்திக் கடந்த ஆழிக்குமரன் ஆனந்தன் பிறந்த ஊர் அது. அவர் பெயரில் அங்கே ஒரு நீச்சல் தடாகம் இருக்கிறது. கோவில்களும் விளையாட்டுக் கழகங்களும் வெளிநாட்டு உறவுகளின் உதவியோடு வளர்கின்றன. பொங்கலன்று பட்டத் திருவிழாவுக்கு வானம் நிறையப் பட்டம் ஏற்றும் ஊருக்கு, ஆறு அறைகளைத் திருத்துவது பெரிய காரியமாக இராது.

"அந்த ஊரைப் பற்றி நீ ஏன் எழுதுகிறாய்?" என்று நம்மவர்கள் கேட்கக்கூடும். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து நம் குடும்பங்கள் இரண்டு மணி நேர அவகாசத்தில் இறங்கி நடந்தன. அதை மறந்துவிட்டு இதை நான் எழுதவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். 2009க்குப் பிறகு திரும்பி வந்தவர்களில் எத்தனையோ வீடுகளில் மூத்தவர் மட்டும் வந்திருக்கிறார். பிள்ளைகள் தொழிலுக்கும் படிப்புக்குமாகப் புத்தளத்திலேயே நின்றுவிட்டார்கள். சோனகத் தெருவில் என் உம்மம்மாவின் தங்கை அப்படித்தான் இருக்கிறார். திருத்திய ஓர் அறை, திருத்தாத மூன்று அறைகள், இரவில் ஒரு மின்குமிழ். காணி கைவிட்டுப் போய்விடும் என்ற பயத்தில் அவர் காவலிருக்கிறார். வல்வெட்டித்துறை அம்மா மகளின் வீட்டுக்குக் காவல். நம் பெரியம்மா இழந்து மீட்ட வீட்டுக்குக் காவல். வரலாறு வேறு வேறு. இரவு எட்டு மணிக்குப் பிறகு இருவருக்கும் ஒரே நிலைமைதான்.

ஆகவே வல்வெட்டித்துறையில் ஒரு வீடு தொடங்கினால் அதைப் பார்த்துச் சோனகத் தெருவிலும் ஒன்று தொடங்கலாம். பள்ளிவாசலின் வக்பு நிலமோ பூட்டிக் கிடக்கும் ஒரு வீடோ போதும். பெண்களுக்கு ஒரு வீடு, தொழுகைக்கு ஓர் அறை, குர்ஆன் ஓத வரும் சிறுமிகளின் சத்தம். தனித்திருக்கும் ஆண்களுக்கும் வேறொரு வீடு வேண்டும். சமைக்கவே தெரியாமல் பாணும் பிளேன்ரீயுமாக நாட்களைக் கழிப்பவர்கள் அவர்கள்தான்.

பெற்றோர்களே, உங்கள் தாயிடம் "எங்களோடு வருகிறீர்களா, இங்கேயே இருக்கிறீர்களா" என்று இரண்டு கேள்விகளைத்தான் கேட்டிருப்பீர்கள். மூன்றாவதாக ஒன்றையும் கேளுங்கள்: "யாரோடு சேர்ந்து இருக்க விரும்புகிறீர்கள்?" பழைய வகுப்புத் தோழி ஒருத்தியின் பெயரை அவர் சொல்லக்கூடும். கணவனை இழந்த மச்சாள் ஒருத்தியை நினைவுகூரக்கூடும். அந்தப் பெயர்களை எழுதி வையுங்கள். நான்கு பெயர் சேர்ந்தால் வீடு தேடத் தொடங்கலாம்.

மாணவிகளே, நம் ஒழுங்கையில் எந்த முற்றம் இன்னும் கூட்டப்படவில்லை என்பதைப் பாடசாலைக்குப் போகும் வழியில் நாம் பார்த்துக்கொண்டே போகலாம். கூட்டாமல் கிடந்தால் கேற்றைத் தட்டுவோம். அந்த வீடுகள் எழும்பும் வரைக்கும் இதையாவது செய்யலாம்.